வல்லை வெளிக்கு ஏற்ற வண்டி

ஒருவர் எந்த வாகனத்தில் வந்து இறங்குகிறார் என்பதைப் பார்த்த பின்பே, அவரை எங்கே இருத்துவது என்று முடிவுசெய்யும் சமூகம் நம்முடையது. காரில் வந்தவருக்கு முன்வரிசை. மோட்டார்ச் சைக்கிளில் வந்தவருக்கு நடுவரிசை. சைக்கிளில் வந்தவர் வேலியோரம் வண்டியைச் சாத்திவிட்டு நிற்கவேண்டியதுதான். இத்தகைய ஊரிலே, நடுவயது கடந்த ஓர் ஆசிரியர் புதிதாகச் சைக்கிள் வாங்கப் புறப்பட்டால், "ஏன், கையிலே காசில்லையோ?" என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கு விடை கூறுவதன்று எமது நோக்கம். எந்தச் சைக்கிளை வாங்குவது என்ற சிறு விடயம் எத்தனை பெரிய விடயங்களோடு பிணைந்து கிடக்கிறது என்பதையே நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

எமது தேவை இரண்டு. வாரத்தில் ஐந்து நாளும் புத்தூர்ப் பக்கத்திலிருந்து வல்லை வெளியைக் கடந்து, நெல்லியடிப் பக்கத்துப் பாடசாலைக்குச் சென்று மீளவேண்டும். ஓய்வு நாளிலே மணற்காட்டு மணற்குன்றுகளையோ, பொன்னாலைப் பாலத்தைத் தாண்டிக் காரைநகர்க் கடற்கரையையோ கண்டு வரவேண்டும். இரண்டாவது தேவையைக் கேட்டுச் சிலர் நகைத்தனர். உழைப்பவனுக்கு ஓய்வும் உரிமையே என்று மேடையில் முழங்குவோர்கூட, அவ்வோய்வு கடற்காற்றை நாடிச் செல்லும்போது ஏனோ அதனை ஆடம்பரமாகக் கருதுகின்றனர்.

பல்கலைக்கழக மாணவியாகிய எமது மகளும் இவ்வண்டியிற் பங்காளி. சனிக்கிழமை எமக்கு, ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு என்பது ஒப்பந்தம். "சைக்கிளோ குறொஸ்" என்னும் வகையை எமக்கு அறிமுகப்படுத்தியவளும் அவளே. சேற்றிலும் புல்வெளியிலும் மணலிலும் ஓட்டி, ஓட்டமுடியாத இடத்தில் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயத்துக்கென உருவான வண்டி அது. பிரான்சிலே 1902 இல் இதற்கான முதலாவது தேசியப் போட்டி நடைபெற்றது. 1950 இல் பாரிஸில் முதலாவது உலகப் போட்டி நடைபெற்றது. வளைந்த கைபிடி, சேறு அடையாதபடி அகன்ற கவடு, வலிய பிறேக், பல பற்சில்லுகள், எமது பழைய வண்டியின் எடையில் ஏறத்தாழ அரைவாசி — இவையே அதன் சிறப்புகள்.

குடாநாடோ தட்டை நிலம். ஏறுவதற்கு மலை இல்லாத ஊரில் இத்தனை பற்சில்லுகள் எதற்கு என்று கேட்கலாம். வல்லை வெளியில் ஒருநாளேனும் மிதித்தவர் அவ்வாறு கேட்கமாட்டார். மரம் ஒதுங்காத அவ்வுவர் நிலத்திலே காற்றுத்தான் மலை. சோளகம் காலையில் முதுகைத் தள்ளிவிட்டு மாலையில் நெஞ்சில் அறையும். வாடையோ காலையிலேயே வழிமறிக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகப் பெருகுவது என்று வகுப்பிலே நாம் கற்பிக்கும் விதி, இங்கே முழங்காலுக்குத் தெரியவரும். வளைந்த கைபிடியைப் பற்றிக் குனிந்தால் காற்றுக்குக் காட்டும் உடற்பரப்புக் குறையும். பெண்பிள்ளை அவ்வாறு குனிந்து ஓட்டுவது அழகோ என்று உறவினர் ஒருவர் முகஞ்சுளித்தபோது, மகள் சொன்னாள்: "வல்லைக் காத்துக்கு ஆம்பிளை பொம்பிளை தெரியாது, மாமா."

அவள் கூற்றுக்குச் சான்று கடலுக்கு அப்பாலும் உண்டு. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது அவர்கள் ஆண்களுக்கான வண்டிகளையே ஓட்டினர். நடுத்தண்டிலே குழந்தையை இருத்தலாம் என்ற வசதியையும் கண்டுகொண்டனர். நடுத்தண்டு பெண்ணுக்குத் தடையென்றது பழக்கமேயன்றி இரும்பன்று.

ஆயினும், நாம் அவ்வண்டியை வாங்கவில்லை. நகரக் கடையொன்றில் விலை கேட்டோம்; எமது பல மாதச் சம்பளம். பந்தயத்துக்கென அமைந்த அதிலே மட்கார்டு இல்லை. கரியர் பூட்டவும் இடமில்லை. மாணவரின் கொப்பிக்கட்டை எங்கே வைப்பது? மார்கழி மழையில் வேட்டியை எப்படிக் காப்பது? எமது ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார்: "மாஸ்ரர், இதின்ர சாமானுக்குக் கொழும்புக்குத்தான் போகவேணும். ஒரு சாமான் உடைஞ்சால் ஒரு கிழமை வண்டி நிக்கும்." ஊரிலே திருத்தமுடியாத வண்டி, ஊராருடைய வண்டியாகாது.

இவ்வுண்மையை யாழ்ப்பாணத்தவர் புத்தகத்திற் படித்து அறியவில்லை. 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அரிதானபோது, விறகும் மூட்டையும் நோயாளியும் சைக்கிளிலேயே சென்றனர்; மின்சாரமற்ற வீடுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்த இரவில், எஞ்சிய வாழ்வையெல்லாம் கரியரிலும் கைபிடியிலும் கட்டி உருட்டிச் சென்றனர். 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது, மூலையிற் கிடந்த வண்டிகள் மறுபடியும் வீதிக்கு வந்தன. இக்காலங்களிலெல்லாம் அவற்றை ஓடவைத்தவர்கள், ஒட்டுப் போடும் பசையும் பழைய கம்பிகளும் கொண்டு மரநிழலில் இருந்த தொழிலாளரே.

எனவே அவரிடமே சென்றோம். உள்நாட்டு லுமாலா வகையில் சாதாரண வண்டியொன்றை எடுத்து, பின்னாலிருந்த 18 பற்களுடைய சில்லுக்குப் பதிலாக 22 பற்களுடையதைப் பூட்டுவித்தோம். முன்னால் 44 பற்கள் இருப்பதால், முன்பு ஒரு மிதிச்சுற்றுக்கு ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் ஓடிய வண்டி இப்போது நாலரை மீற்றர் ஓடுகிறது. வேகம் குறைந்தது, காற்றிலே கால் தளர்வதும் குறைந்தது. குனிந்து ஓட்டத் தக்க தாழ்ந்த கைபிடி, கரியர், மட்கார்டு, விளக்கு யாவும் உண்டு. ரயரோ ஒன்றரை அங்குல அகலம், அதாவது 38 மில்லிமீற்றர். உலகச் சைக்கிளோ குறொஸ் போட்டி விதி அனுமதிப்பது 33 மில்லிமீற்றர் மட்டுமே! கிரவல் ஒழுங்கைகளில் இவ்வகன்ற ரயர் தளராது. மணற்காட்டு மணலில் மட்டும் இறங்கி உருட்டுகிறோம். மகளும் இவ்வேற்பாட்டை ஏற்றாள்; பந்தய வண்டி மீதுள்ள ஆசையை அவள் கைவிடவில்லை; கைவிடவும் வேண்டியதில்லை.

அகன்ற ரயர் எமக்குப் பெரிதும் பயன்படுவது மணற்காட்டிலன்று, பெருவீதியிலேதான் என்பதையும் சொல்லவேண்டும். போருக்குப் பின் வீதிகள் அகன்று பளபளக்கின்றன. அவற்றிலே பேருந்தும் வானும் முந்தி விரைகின்றன. பின்னால் ஹோர்ன் ஒலித்ததும் சைக்கிளோட்டி தார் விளிம்பிலிருந்து கிரவலுக்கு இறங்கியாக வேண்டும். ஐரோப்பியர் விளையாட்டுக்காகச் செய்ததை எமது மாணவர் உயிருக்காக நாள்தோறும் செய்கின்றனர். நெதர்லாந்திலும் 1970களில் குழந்தைகள் வீதியில் மடிந்தனர்; பெற்றோர் வீதிக்கு வந்து போராடிய பின்பே அங்கு சைக்கிளுக்குத் தனிப்பாதைகள் பெருகின.

நல்ல வண்டியை நாம் தனித்தனியே தேர்ந்துகொள்ளலாம். நல்ல வீதியை அவ்வாறு கடையிலே வாங்கமுடியாது. சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்களும், அப்பிள்ளைகளின் பெற்றோரும், பிரதேச சபைகளின் கதவைச் சேர்ந்து தட்டவேண்டும். எமது பாடசாலை வாயிலுக்கு முன்னால் ஒரு கோடேனும் கீறி, அதற்கு இப்பால் சைக்கிள் மட்டுமே செல்லலாம் என்று எழுதும் வரை அத்தட்டல் ஓயக்கூடாது.