சோடா உடைத்த ஒலி

எங்கள் இல்லத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மது எந்த வடிவில் வந்தாலும் வாசற்படியைத் தாண்டக் கூடாது. இதை விதித்தவர் என் தாயார். காரணத்தை யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. என் தந்தையார் தென்கிழக்கு ரயில்வேயில் இருப்புப்பாதைப் பணியாளராக இருந்தவர். நாட்டுச் சாராயம் அவரை ஐம்பத்திரண்டாம் வயதில் கொண்டு போயிற்று. பத்தாம் வகுப்பு மட்டுமே தேறியிருந்த எனக்கு, அவருடைய இறப்பின் பேரில் கருணை அடிப்படையில் எழுத்தர் வேலை கிடைத்தது. நான் உண்ணும் சோறு அவர் குடித்துத் தீர்த்த வாழ்வின் மிச்சம் என்ற எண்ணம் பல இரவுகளில் என்னை உறங்கவிட்டதில்லை.

சென்ற மார்கழியில் என் அத்தை மகன் கொல்கத்தாவுக்கு வந்தார். அத்தை வாழ்க்கைப்பட்டது காரைக்காலில். அக்குடும்பத்தார் பிரெஞ்சுக் குடியுரிமை உடையவர்கள். அத்தான் இருபதாம் வயதிலேயே பிரான்சுக்குப் போய், இப்போது ரேம்ஸ் நகரில் ஒரு விடுதியின் சமையற்கட்டில் வேலை பார்க்கிறார். பெட்டியைத் திறந்ததும் என் மகளுக்குச் சாக்கலேட்டும், அம்மாவுக்குக் கம்பளிச் சால்வையும் எடுத்தார். பின்பு சற்றுத் தயங்கி, துணியில் சுற்றிய கனமான புட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார். அது ஷாம்பெயின்.

அம்மா அதைப் பார்த்தார். "இதிலும் அதுதானே இருக்கிறது?" என்று கேட்டார்.

"ஆம் அத்தை. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு. பொய் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்ச் சரக்கு என்று கொண்டு வந்தேன். வேண்டாம் என்றால் திரும்ப எடுத்துப் போகிறேன்."

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "விருந்தாளி கொண்டு வந்ததைத் திருப்பி அனுப்புவது முறையன்று" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். என் மனைவி உளுந்து ஊறவைத்திருந்தாள். அன்று மாலை வடை.

பார்சல் அலுவலகத்தில் வேலை செய்பவனுக்கு எந்தப் பொருளையும் தூக்கிப் பார்க்காமல் இருக்க முடியாது. தூக்கினேன், கனத்தது. காலிப் புட்டியே ஏறத்தாழ 835 கிராம் என்றார் அத்தான். உள்ளே ஐந்தாறு வளிமண்டல அழுத்தம் இருப்பதால் கண்ணாடி அவ்வளவு தடித்திருக்க வேண்டுமாம். முற்காலத்தில் நிலவறைகளில் புட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும் என்றும், தொழிலாளர் இரும்பு முகமூடி அணிந்து உள்ளே போவார்கள் என்றும் சொன்னார். 'கவனம், உடையும்' என்று நான் நாள்தோறும் ஒட்டும் சீட்டு என் நினைவுக்கு வந்தது.

சோடாவில் வாயுவை இயந்திரம் புகுத்துகிறது. இதிலோ வாயு புட்டிக்குள்ளேயே பிறக்கிறது. ஒருமுறை நொதித்து முடிந்த திராட்சை மதுவில் சிறிது சர்க்கரையும் நொதியும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். மீண்டும் நொதிக்கும்போது எழும் வாயு வெளியேற வழியின்றி மதுவிலேயே கரைகிறது. பின்பு சுண்ணக்கல் நிலவறையின் குளிரில் குறைந்தது பதினைந்து மாதங்கள் கிடக்க வேண்டும். அடியில் படிந்த கசடு கழுத்துக்கு இறங்கும்படி புட்டியைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தலைகீழாக்கி, கழுத்தை உறையவைத்து, கசடு உறைந்த கட்டியை வெளியேற்றுகிறார்கள். கடைசியில் சேர்க்கும் இனிப்பைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. லிட்டருக்குப் பன்னிரண்டு கிராமுக்குக் குறைவான சர்க்கரை இருந்தால் அது 'ப்ரூட்'. எங்கள் மேசையில் இருந்தது அந்த வகை.

குளிர்ப்பெட்டியில் மூன்று மணி நேரம் வைத்தபின் அத்தான் கம்பிக்கூட்டை அவிழ்த்தார். தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு புட்டியைத்தான் திருப்ப வேண்டுமாம். மெல்லிய 'புஸ்' என்ற ஒலி எழுந்தது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "யார் சோடா உடைத்தது?"

அத்தான் கண்ணாடித் தம்ளரில் கால்வாசி ஊற்றினார். நான் கையில் எடுத்தேன். என் வாழ்வில் முதன்முறை. மணம் முதலில் பச்சை ஆப்பிள் போலிருந்தது. பின்பு சுட்ட ரொட்டி போல. அந்த ரொட்டி மணம் கசடோடு கிடந்ததால் வருவதாம். நாக்கில் எலுமிச்சைத் தோலின் புளிப்பு. இனிப்பு இல்லையென்றே சொல்லலாம்.

"இப்போது வடையைக் கடித்துவிட்டுக் குடியுங்கள், மாப்பிள்ளை" என்றார். வியப்புதான்! எண்ணெயின் பிசுக்கைப் புளிப்பும் குமிழும் துடைத்துவிட்டன. உப்பினால் புளிப்பு அடங்கிற்று. வடை புதிதாய்ச் சுட்டது போலாயிற்று. அவ்வூரில் சிப்பியோடும் மென்மையான பாலாடைக்கட்டியோடும் இதைப் பருகுவதும் இந்த உப்பையும் கொழுப்பையும் நம்பித்தானாம். ஆனால் காரச் சட்னியைத் தொட்டுவிட்டு ஒரு வாய் குடித்தபோது குமிழ் ஒவ்வொன்றும் நெருப்பாயிற்று. ரசகுல்லாவுக்குப் பின்னரோ சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறுதான். இனிப்புப் பண்டத்துக்கு அதனினும் இனிய மதுவே ஒத்துவரும் என்றார் அத்தான்.

தம்ளர் தீர்ந்தது. அவர் புட்டியை மீண்டும் சாய்த்தார். உண்மையை மறைப்பானேன்? எனக்குப் பிடித்திருந்தது, நாக்கு இன்னும் கேட்டது. அதுதான் என்னை அச்சுறுத்தியது. தந்தையின் குருதி என்னுள் காத்திருக்கிறது என்று எத்தனையோ ஆண்டுகளாக நடுங்கியவன் நான். தம்ளரின் வாயைக் கையால் மூடினேன். "போதும், அத்தான்."

கதவோரம் நின்று அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அருகில் வந்து என் தட்டில் இன்னொரு வடையை வைத்தார். பிறகு தரையில் அமர்ந்து, யாரையும் பாராமல் பேசத் தொடங்கினார்.

"கல்யாணமான வருஷம் கடைமுகத்துக்கு மாயவரம் போனோம். கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். குடிக்கத் தெரியாமல் குடித்து, மூக்கில் ஏறி, தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் தண்ணீர். அவர் சிரித்த சிரிப்பில் கடைக்காரனும் சிரித்துவிட்டான்."

அப்பா இறந்த பதினோரு ஆண்டுகளில் அவர் சிரித்ததாக அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. அத்தானுக்குக் கண் கலங்கிற்று. அவருக்கும் அவர் தாய்மாமன் அல்லவா?

இதனை மதுவுக்குப் பரிந்து எழுதவில்லை. எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு இன்றும் அப்படியே இருக்கிறது. நானும் அதன்பின் தொடவில்லை. குடியால் தலைவனை இழந்த இல்லங்கள் நம் சங்கத்தாரிடையே வேறும் உண்டு என்பதை அறிவேன். அங்கெல்லாம் இறந்தவருடைய கடைசி நாள்கள் மட்டுமே நினைவில் நிற்கின்றன. எங்கள் வீட்டில் இப்போது அப்பாவின் முதல் நாள்களும் பேசப்படுகின்றன.