செஞ்சி என்று எழுத ஆறு அழுத்தம்

தொடுதிரையில் பிரெய்ல் எழுதும் வசதியைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், முதலில் கைபேசி நிறுவனங்களின் பெயர்களே வரும். ஆப்பிள் 2014இல் ஐஓஎஸ் 8 உடன் அதைத் தந்தது. கூகுள் 2020இல் ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பு மென்பொருளான டாக்பேக்கில் சேர்த்தது. இரண்டும் உண்மைதான். ஆனால், கோட்டை ஊரான செஞ்சியில் வாழும் பார்வையற்ற ஒருவர் தன் ஊர்ப் பெயரைத் தமிழில் எழுத எவையெல்லாம் வேண்டியிருந்தன என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தேடினேன். விரல்களுக்கான வழி 1892இலும், தமிழுக்கான வழி 1951இலும் அமைந்துவிட்டன என்ற முடிவுக்கே அந்தத் தேடல் என்னைக் கொண்டுவந்தது. கைபேசி இவ்விரண்டின் மேல்தான் நிற்கிறது.

பிரெய்லின் ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு புள்ளிகள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. லூயி பிரெய்ல் 1824இல் வகுத்து 1829இல் வெளியிட்ட முறை இது. சிலேட்டும் ஊசியும் கொண்டு எழுதுகிறவர் தாளின் பின்புறத்திலிருந்து புள்ளி புள்ளியாக, வலமிருந்து இடமாக, எழுத்தை இடவலம் மாற்றிக் குத்த வேண்டும். இந்தச் சிரமத்தை நீக்கியவர் அமெரிக்காவின் இல்லினாய் பார்வையற்றோர் பள்ளியை நடத்திய ஃபிராங்க் ஹால். 1892இல் அவர் செய்த எந்திரத்தில் புள்ளிக்கு ஒன்றாக ஆறு விசைகள். ஆர்மோனியத்தில் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்துவதுபோல, ஓர் எழுத்துக்கு வேண்டிய விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் போதும். 1951இல் வந்த பெர்கின்ஸ் எந்திரமும் இதே வழியில் போனது. இன்று கைபேசியைக் குறுக்காகப் பிடித்து, திரையை வெளிப்புறம் திருப்பி, இரு கைகளிலும் மும்மூன்று விரல்களை வைத்துத் தட்டுகிறவர் செய்வதும் ஹாலின் விரலசைவைத்தான். பிரெய்ல் முறைக்கே மூலமாக, இதைவிடப் பழைய ஒரு போர்க்கதை சொல்லப்படுவதுண்டு. படைவீரர்கள் இருட்டில் படிக்க நெப்போலியன் கேட்டார், சார்ல் பார்பியே ‘இரவெழுத்தை’ உருவாக்கினார் என்பது அந்தக் கதை. கோட்டை ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும் கதைதான், ஆனால் அதற்கு உறுதியான சான்று இல்லை. பார்பியே எழுதியவற்றில் தெரியும் நோக்கம் வேறு: பள்ளிக்கல்வி எட்டாதவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் எளிய எழுத்துமுறை தருவது.

அப்படியானால் கைபேசியில் புதிது எது? கண்ணாடியில் விசை இல்லை, தடவினால் மேடு பள்ளம் தெரியாது. 2011, 2012 ஆண்டுகளில் பல பல்கலைக்கழகங்கள் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டின. ஸ்டான்ஃபோர்டில் ஒரு கோடைக்காலப் பயிற்சியில் ஆடம் டுரான் என்ற மாணவர், விரல்கள் எங்கே பதிகின்றனவோ அங்கேயே விசைகள் அமையும் மென்பொருளைத் தன் வழிகாட்டிகளோடு உருவாக்கினார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஷிரி அசென்காட் குழு செய்த பெர்கின்புட், தொடுவது எந்த விரல் என்று கணித்தது. ஜார்ஜியா டெக்கின் மரியோ ரொமேரோ குழு செய்த பிரெய்ல்டச், திரையை வெளிப்புறம் திருப்பிப் பிடிக்க வைத்தது. விரல் விசையைத் தேடிப் போக வேண்டாம், விசையே விரலிடம் வரும் என்பதுதான் உண்மையான புதுமை. அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. பெர்கின்ஸ் எந்திரம் நாலரைக் கிலோவுக்கு மேல் எடை, விலையும் அதிகம். கைபேசியோ சட்டைப் பையில் இருக்கிறது.

விரல் எழுதிவிடலாம். அதைத் தமிழ் என்று கைபேசிக்கு எது சொல்கிறது? இந்தியாவில் முதல் பார்வையற்றோர் பள்ளி 1887இல் அமிர்தசரசில் தொடங்கியது. அதன்பின் ஒவ்வொரு வட்டாரமும் தனித்தனிப் பிரெய்ல் முறையை வைத்துக்கொண்டது. இந்திய அரசின் வேண்டுகோளுக்கிணங்க 1949இல் யுனெஸ்கோ இதைக் கையிலெடுத்தது. கலிப்போலிப் போரில் பார்வையிழந்த நியூசிலாந்துக்காரர் கிளூதா மெக்கன்சி ஆலோசகராக இருந்தார். 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் ஏற்கப்பட்டது. செஞ்சிக் கோட்டையை 2025இல் மராட்டியப் படைத்தலங்களுள் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் இதே யுனெஸ்கோதான். ‘செஞ்சி’ அச்சில் மூன்று எழுத்து, பாரதி பிரெய்லில் ஆறு கட்டம்: ச (1, 4), எ (2, 6), மெய்ப்புள்ளி (4), ஞ (2, 5), ச (1, 4), இ (2, 4). அச்சில் சகரத்துக்கு முன் நிற்கும் கொம்பு, பிரெய்லில் ஒலி வரிசைப்படி பின்னால் போகிறது. மெய்ப்புள்ளியோ ஞகரத்துக்கு முன்னால் வருகிறது. யூனிகோடிலும் இந்தச் சொல்லுக்கு ஆறு குறியீடுகளே. புள்ளியும் ஞகரமும் மட்டும் இடம் மாறியிருக்கும். அந்த மாற்றத்தைச் செய்யும் கட்டற்ற மென்பொருளான லிப்லூயியில் தமிழ் அட்டவணை இருக்கிறது. 1951இன் முடிவு இல்லாவிட்டால் அந்த அட்டவணையில் எதை எழுதுவது?

பேசினாலே எழுதித்தரும் கைபேசி இருக்க, பிரெய்ல் எதற்கு என்று கேட்பார்கள். வலுவான கேள்விதான், அவசரச் செய்திக்குக் குரலே போதும். ஆனால் வங்கியின் கடவுச்சொல்லைப் பேருந்து நிலையத்தில் உரக்கச் சொல்ல முடியாது. அதைவிட முக்கியம் எழுத்தறிவு. குரலால் மட்டும் எழுதும் குழந்தை ல, ள, ழ வேறுபாட்டையோ ந, ண, ன வேறுபாட்டையோ எழுத்தாகச் சந்திப்பதே இல்லை. பிரெய்லில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம். தவறினால் அது தவறு என்று தெரியும். பிரெய்ல் அறிந்தவர்கள் குறைவு என்பது அடுத்த மறுப்பு. கற்பிக்காததால் குறைந்ததைக் காட்டி, கற்பிக்க வேண்டாம் என்று வாதிடுவது நியாயமில்லை. மூன்றாவது மறுப்பை மட்டும் முழுதாக ஏற்கிறேன்: கண்ணாடியில் பிரெய்லை எழுதலாம், விரலால் படிக்க முடியாது. படிக்கத் தாளோ, விலையுயர்ந்த பிரெய்ல் காட்சிக் கருவியோ வேண்டும். ஆகவே கைபேசி பிரெய்ல் புத்தகத்துக்கு மாற்றாகாது.

பார்வையற்ற குழந்தைக்குக் கைபேசி வாங்கித்தரும் பெற்றோரே, கற்பிக்கும் ஆசிரியர்களே, பாரதி பிரெய்லை முதலில் தாளில் கற்றுக்கொடுங்கள். பிறகு அதே ஆறு விரல்களைத் திரைக்குக் கொண்டுவாருங்கள்.