பழி மாம்பழத்துக்கு

சித்தூரில் மாம்பழக் காலம். வீடெங்கும் வாசனை. கல்லூரிப் பெண்ணின் தட்டில் மட்டும் பழம் இல்லை. "சூடு, பரு வரும்" என்கிறார் பாட்டி. பழத்தை விட்டாள், நாளுக்கு ஆறு முறை சோப்புப் போட்டாள். பரு போகவில்லை.

தோழி சொன்ன களிம்பு பத்தே நாளில் முகத்தைப் பளிச்சென்றாக்கியது. நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்தது, பரு இரட்டிப்பானது. களிம்பில் இருந்தது ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென 2018-லேயே மத்திய அரசு உத்தரவிட்ட சரக்கு.

பயந்துபோய் திருப்பதிக்கு பஸ் ஏறி, தோல் மருத்துவரைப் பார்த்தாள். காரணம் சூடல்ல, ஹார்மோன் தூண்டுதலில் எண்ணெய் அதிகம் சுரந்து மயிர்க்கால் அடைபடுவதே. நெற்றியில் வழியும் தலையெண்ணெயும் அடைப்பைக் கூட்டும். முகம் கழுவ இரு வேளை போதும். பருவைக் கிள்ளினால் தழும்பு நிற்கும். மருந்து பலன் தர இரண்டு மாதமாவது ஆகும்.

மாம்பழம்? "சாப்பிடலாம்." பாட்டிதான் இன்னும் நம்பவில்லை.