வெள்ளிக்கிழமை விடுமுறை

மன்னார்குடிப் பக்கம் இருந்த எங்கள் ஊரில் எனக்கு வாரம் பிறந்தது சனிக்கிழமையில்தான். கிளை நூலகத்துக்கு வெள்ளிதோறும் விடுமுறை. வியாழன் மாலை எடுத்து வரும் புத்தகத்தை வைத்துத்தான் வெள்ளியைத் தாண்ட வேண்டும். எண்பதுகளின் தொடக்கம் அது. ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து நூலகம் நடந்தது. காலை எட்டு மணி முதல் பதினொன்று வரை, மாலை நான்கு முதல் ஏழு வரை திறந்திருக்கும். திண்ணையில் நாளிதழ்கள், கூடத்தில் இரும்பு அலமாரிகள், நிலைப்படியை ஒட்டி நூலகரின் மேசை.

வீட்டில் அப்பா, அம்மா, நான் என்று ஆளுக்கொரு உறுப்பினர் அட்டை. ஓர் அட்டைக்குக் கிடைக்கும் புத்தகங்கள் கொஞ்சம்தான். அதனால் எதை யார் அட்டையில் எடுப்பது, யார் முதலில் படிப்பது என்ற பேச்சு புதன்கிழமையே தொடங்கிவிடும். அம்மாவுக்கு லக்ஷ்மி, அநுத்தமா நாவல்கள். மதியம் அடுப்படி வேலை ஓய்ந்ததும் கையில் எடுப்பாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை புத்தகம் அவளுடையது. அப்பாவுக்கு ஏ.கே. செட்டியாரின் பயண நூல்கள். பள்ளி நாட்களில் எனக்குச் சிறுகதைத் தொகுப்பு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு கதையை முடித்துவிடலாம். தடித்த நாவலெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. கா.ஸ்ரீ.ஸ்ரீ. மொழிபெயர்த்த காண்டேகரின் மராத்தி நாவல்களும், த.நா. குமாரசாமி தமிழுக்குக் கொண்டுவந்த வங்க நாவல்களும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது ஞாயிறுகளில்தான்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' மட்டும் எந்தத் திட்டத்துக்கும் கட்டுப்படாது. ஐந்து பாகமும் ஒருசேர அலமாரியில் இருந்து நான் பார்த்ததே இல்லை. "சார், ரெண்டாம் பாகம் வந்துடுச்சா?" என்று வாசலிலேயே கேட்பேன். "செவ்வாய்க்கிழமை கெடு தம்பி, வந்தா எடுத்து வைக்கிறேன்" என்பார் நூலகர். யாரோ முகம் தெரியாத ஒருவர் எந்த வேகத்தில் படிக்கிறாரோ, அதைப் பொறுத்தே என் வாரம் அமையும். அவர் சீக்கிரம் முடித்துவிட வேண்டுமே என்று மனசு அடித்துக்கொள்ளும். எனக்குப் பின்னால் ஒருவர் அப்படிக் காத்திருப்பார் என்ற நினைப்பில் நானும் கெடுவுக்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

எதை எடுப்பது என்று தெரியாதபோது தேதிச் சீட்டு வழிகாட்டும். பின்னட்டையின் உட்புறம் ஒட்டிய அந்தச் சீட்டில் ஊதா மை முத்திரைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். சில அழுத்தமாக, சில பாதி மட்டும் பதிந்து. தேதிகள் நெருக்கமாக இருந்தால் ஊரே விரும்பிப் படிக்கிற புத்தகம். இரண்டு முத்திரைகளுக்கு நடுவே வருடக் கணக்கில் இடைவெளி இருந்தால், யாரும் தொடாமல் கிடந்தது என்று தெரியும். அப்படிக் கிடந்த ஒன்றையும் வாரந்தோறும் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். தி. ஜானகிராமனும் சிட்டியும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' அப்படித்தான் கைக்கு வந்தது. முத்திரை குத்தும்போது நூலகர், "ஜானகிராமன் யாரு தெரியுமா? நம்ம தேவங்குடியில பொறந்தவர்" என்றார். தேவங்குடி எங்களுக்குப் பக்கத்து ஊர். எங்கள் வாய்க்கால் தண்ணீர் புறப்படும் இடத்தை, எங்கள் மண்ணில் பிறந்தவர் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த வாரம் முழுக்க வேறு புத்தகத்தைத் தொடவில்லை.

எங்கள் பகுதிக்கும் புத்தகத்துக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. 1931இல் மன்னார்குடியிலிருந்து மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிச் சுற்று வட்டாரக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குத் துணை நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பன அவற்றில் இரண்டு. அலமாரியை வாசகருக்குத் திறந்துவிட வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். யாரையும் கேட்காமல் நான் அலமாரிக்கு அலமாரி அலைந்து பொறுக்க முடிந்தது அந்த வற்புறுத்தலின் பலன்.

எங்கள் கிளை நூலகத்துக்குப் பின்னால் ஒரு சட்டமும் உண்டு. 1948இல் அவிநாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. நாடு விடுதலை அடைந்தபின் இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் அது. அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. அப்பா வரி கட்டிய ரசீதை என்னிடம் நீட்டி, "இதுல நூலகத்துக்கும் சேர்த்துத்தான்டா கட்டியிருக்கு. போய் நல்லாப் படி" என்பார். அந்த ஓட்டு வீட்டுக்குள் கூச்சமில்லாமல் நுழையும் உரிமையை எனக்குத் தந்தது அந்தச் சொல்.

பெரிய நூலகங்களும் இருக்கின்றன. சென்னையில் கன்னிமாரா நூலகம் 1896 முதல் நிற்கிறது. 2010இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது. 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். எல்லாம் பெருமைக்குரியவை. ஆனாலும் ஒரு பிள்ளை சைக்கிளில் தனியாகப் போய் வரக்கூடியது தெருக்கோடியில் இருக்கும் கிளை நூலகம்தான். அடுத்த ஏழு நாளைக்கு என்ன படிக்கப் போகிறோம் என்று பத்து வயதில் தானே முடிவு செய்து பழகியவருக்கு, எதைப் படிப்பது என்று பிற்பாடு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயரில் ஓர் உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள். புத்தகத்தை மட்டும் அது பொறுக்கட்டும்.