கட்டாரியும் கைத்துப்பாக்கியும்

மடுல்கெல்லைத் தேயிலை மலைகளில் கவ்வாத்துக் கத்திக்கு ஒரே பணிதான். அதனோடு வேறொன்றைப் பொருத்த எவரும் எண்ணார். ஒரு கருவி தனித்துக் கைகொடுக்குமோ என்னும் ஐயம் எழுந்த விடத்தேதான் மற்றொன்று அதன்மேல் ஏறுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இந்தியக் கம்மியர் வனைந்த துப்பாக்கிக் கட்டாரி இதற்குச் சான்று. கட்டாரி தமிழகத்திற்கும் புதியதன்று. தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டிலிலிருந்து வந்தவை சென்னை அரும்பொருட் காட்சியகத்தில் உள்ளன. குறுக்குச் சட்டங்களை முட்டிக்குள் பற்றி நேரே குத்துவது அதன் முறை. வடக்கே அவ்வலகின் இருமருங்கிலும் ஒவ்வொரு சிறு கைத்துப்பாக்கியைப் பொருத்தினர். குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்க வேண்டியிருந்தமையால் ஒவ்வொன்றும் ஒருமுறையே வெடிக்கும். மறுமுறை நிரப்பப் பகைவன் காத்திருப்பானா? எஞ்சுவது அலகே. ஆனால் பக்கத்தே பருத்த குழல்கள் அவ்வலகையும் ஆழப் புகவிடா. பொன்வேலை மலிந்த சில கட்டாரிகளைக் காணுங்கால், அவை களத்தைவிட அரசவையையே நாடியவை என்று கருதத் தோன்றுகிறது.

கண்டியிலும் படைக்கலம் அணிகலனாயிற்று. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடினர். அங்கிருந்து அவர்கள் கொண்டுசென்றவற்றுள், லெவ்கே திசாவை மன்னனுக்களித்த பீரங்கி, இரு கஸ்தானை வாள்கள், ஒரு கத்தி, இரு துப்பாக்கிகள் ஆகிய ஆறும் 2023இல் நெதர்லாந்திலிருந்து இலங்கைக்கு மீண்டன. இங்கே அலகும் குழலும் வெவ்வேறாகவே நின்றன. பீரங்கியின் உடலிலும் வாளின் பிடியிலும் ஒருங்கே மின்னுவது பொற்கொல்லரின் கைவண்ணம்.