பி.ஏ. செட் யாருக்கு?

ஏப்ரல் 14 அன்று அண்ணல் சிலைக்கு மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது, தீயணைப்பு நிலையத்திலும் மலர்வளையம் வைத்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அது அண்ணலுக்கு வைத்தது அல்ல. 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றி நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பல் வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் அந்த நாள் தேசியத் தீயணைப்பு நாள். (அப்போது வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அம்பேத்கர்.) எண்பது ஆண்டு கடந்தும் அந்த 66 பேருக்கு ஊருக்கு ஊர் மலர்வளையம் உண்டு. பணியில் செத்தவர்களை ஓர் அரசு இப்படித்தான் நினைக்க வேண்டும். எங்களுக்கு அதில் குறையேதும் இல்லை.

உழவர்கரையில் வளர்ந்த எங்களுக்குச் சிவப்பு வண்டி மீது தனி மரியாதையே உண்டு. சேரிக்குள் வருகிற அரசு வண்டிகள் நமக்குத் தெரியும்: ஒன்று போலீஸ் ஜீப், இல்லையென்றால் குடிசையை இடிக்க ஜேசிபி. தீயணைப்பு வண்டி மட்டும்தான் நாம் கூப்பிட்டு வருகிறது. கூரை பற்றிக்கொண்டாலும், கிணற்றில் மாடு விழுந்தாலும், வீட்டுக்குள் பாம்பு புகுந்தாலும் 101தான். சந்துக்குள் வண்டி நுழையாவிட்டால் ஹோஸை உருட்டிக்கொண்டு ஓடிவருவார்கள். தெருப் பெயரைக் கேட்பார்கள், சாதியைக் கேட்க மாட்டார்கள்.

தீயணைப்பு வாரத்தில் நிலையத்தைப் பார்க்கப் போனபோது ஒரு வீரர் எங்களுக்கு பி.ஏ. செட்டைக் காட்டினார். முதுகில் சிலிண்டர், முகத்தில் கண்ணாடி முகமூடி. சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இல்லை, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. ஏறத்தாழ அரைமணி நேரம் தாங்கும். காற்று குறைந்ததும் விசில் அடிக்கும், உடனே வெளியே வந்துவிட வேண்டும். புகை, கிணறு, மலக்குழி, எதுவானாலும் இதைப் போடாமல் இறங்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. எங்களில் ஒருவர் போட்டுப் பார்த்தார். தோள் வலித்தது என்றார்.

மலக்குழி என்று அவர் சொன்ன பிறகு எங்களுக்கு வேறெதுவும் ஓடவில்லை. அதே குழிக்குள் அரைமணி நேரத்துக்கு முன்னால் இடுப்பில் ஒரு கயிறோடும் கையில் ஒரு வாளியோடும் நம் ஆள் ஒருவர் இறங்கியிருப்பார். பி.ஏ. செட் அவருடைய உடலை மேலே எடுப்பதற்காக வருகிறது. குழியும் ஒன்று, உள்ளே இருக்கும் வாயுவும் ஒன்று. நமஸ்தே திட்டத்தில் ஒன்றிய அரசு 2024வரை கணக்கெடுத்த ஏறத்தாழ 38,000 சாக்கடை, மலக்குழித் தொழிலாளர்களில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். கருவி யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அந்த வாயு என்ன செய்யும் என்பதை உழவர்கரை நேரிலேயே பார்த்தது. 2024 ஜூன் 11 காலை, ரெட்டியார்பாளையம் புதுநகர். பாதாளச் சாக்கடையிலிருந்து கழிப்பறை வழியாக நச்சுவாயு வீடுகளுக்குள் ஏறியது. 72 வயது மூதாட்டி கழிப்பறையில் விழுந்தார். தூக்கப் போன மகளும் விழுந்தார். அக்கம்பக்கத்தில் 15 வயது மாணவி ஒருவர். மூன்று பேரும் இறந்தார்கள். இவர்கள் யாரும் குழிக்குள் இறங்கியவர்கள் அல்லர். தங்கள் வீட்டுக்குள் இருந்தவர்கள். அன்று ஊரே பதறியது, பதற வேண்டியதுதான். ஆனால் அந்த வாயுவுக்கு நடுவில்தான் சிலர் தினமும் வேலை செய்கிறார்கள் என்ற பேச்சு அப்போதும் பெரிதாக எழவில்லை.

ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. ‘வாடை போயிடுச்சு, இறங்கலாம்’ என்று நினைக்கிற நேரம்தான் மிக ஆபத்தானது. காற்றைவிடக் கனமானதால் அடியில் தேங்கி நிற்கும். ஒருவர் விழுந்ததும் அண்ணனோ தம்பியோ குதித்து, இரண்டு மூன்று பிணங்களாக எடுக்கும் செய்திகள் இதனால்தான். தோழர்களே, அந்த இடத்தில் நீங்கள் இருக்க நேர்ந்தால் குதிக்காதீர்கள், யாரையும் குதிக்க விடாதீர்கள். முதலில் 101.

சட்டம் இல்லாமல் இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு ஆபத்தான முறையில் சாக்கடையையும் மலக்குழியையும் சுத்தம் செய்ய ஆளை அமர்த்துவதைத் தடுக்கிறது. முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டுவரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம். அதன் விதிகள் தரும் பாதுகாப்புக் கருவிப் பட்டியலில் மூச்சுக்கருவியும் இருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20 அன்று அதை 30 லட்சமாக உயர்த்தியது. நடப்பது என்னவென்றால், ‘அவராகவே இறங்கினார்’, ‘கால் தவறி விழுந்தார்’ என்று வழக்கு முடிந்துபோகிறது.

இங்கேதான் தீயணைப்பு நிலையத்தின் பதிவேடு நமக்கு உதவும். அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, வண்டி எப்போது சேர்ந்தது, உடல் எங்கிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று அவர்கள் எழுதி வைக்கிறார்கள். ஒப்பந்ததாரர் சொல்கிற கதையும் அந்தப் பதிவும் பல இடங்களில் ஒத்துப்போகாது. மலக்குழி மரணம் நடந்தால் முதல் தகவல் அறிக்கையோடு தீயணைப்பு அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

நகராட்சியிடம் இதையெல்லாம் முன்கூட்டியே கேட்க ஒரு வார்டு உறுப்பினர் இருந்திருக்க வேண்டும். புதுச்சேரியில் 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்ததோடு சரி. நமக்குரிய தனி வார்டுகளும் அதோடு போயின. ஆகவே நாங்களே தகவல் உரிமை மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். உழவர்கரை நகராட்சிப் பகுதியில் சாக்கடை வேலைக்கென்று எத்தனை பி.ஏ. செட் இருக்கின்றன, வாயு அளக்கும் கருவி எத்தனை, கடைசியாக அவற்றைச் சோதித்த தேதி எது. மூன்றே கேள்விகள்தான். உங்கள் ஊர் நகராட்சிக்கும் இதையே எழுதி அனுப்புங்கள்.