நீரும் பாட்டும்

நிலத்தின்மேல் நடப்பான் ஒருவன் வழியிடை மரங்களையும் மாந்தரையுங் கண்டு களிப்பான். பேச்சுத்துணை வாய்ப்பின் வழியின் நீளமும் அறியான். நீச்சற்குளத்தில் நீந்துவானுக்கோ, அடித்தரையில் தீட்டிய கருங்கோடு ஒன்றே காட்சி. தன் மூச்சின் ஓசை ஒன்றே கேள்வி. போன வழியே மீள்வதும், மீண்ட வழியே போவதுமாக நாற்பது முறை அலைவதில் உள்ளம் சலிப்படைதல் இயல்பே. அச்சலிப்பைப் போக்குவதற்கு இக்காலத்தார் ஒரு கருவி கண்டுள்ளனர். நீருக்குள்ளும் பாட்டிசைக்கும் அக்கருவியை யாம் ஓராண்டாக அணிந்து நீந்தி வருகின்றோம். அதனால் யாம் எய்திய இன்பத்தையும், பின்னர் அடைந்த நாணத்தையும் இவ்விதழ் வாயிலாக நம் கல்லூரி மாணவர்க்கும், பழைய மாணவர்க்கும் எடுத்துரைக்கப் புகுந்தோம்.

எமது பிறப்பிடம் கடலூர் மாவட்டத்து அண்ணாகிராமத்தை அடுத்ததொரு சிற்றூர். தென்பெண்ணையும் கெடிலமும் பாயும் அந்நாட்டில், நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு விளைவிக்கும் கழனிகள் ஒருபாலும், பண்ணுருட்டிப் பலாவும் முந்திரியும் செழித்த செம்மண் மேடுகள் ஒருபாலும் விளங்கும். நீரையும் பாட்டையும் இணைத்து நினைக்கும் வழக்கம் அந்நாட்டார்க்குப் புதிதன்று. பண்ணுருட்டியை அணித்தான திருவாமூரிற் பிறந்த திருநாவுக்கரசர், கல்லோடு பிணிக்கப்பெற்றுக் கடலில் எறியப்பட்டபொழுது, பதிகம் பாடியவாறே அக்கல் மிதக்கத் திருப்பாதிரிப்புலியூரின் பக்கம் கரையேறினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. எம் ஊர்ச் சிறுவர் எச்சமயத்தவராயினும் இக்கதையைக் கேளாது வளர்ந்தவரல்லர்.

யாம் நீச்சல் பயின்றதும் பாட்டோடுதான். எம் பாட்டனார் இளமையில் ஏற்றமிறைத்தவர். மின்னேற்றிகள் வாராத அந்நாளில், நெடிய துலாமரத்தின்மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடக்க, கிணற்றுவாயில் நிற்பவர் சாலைப் பிடித்து நீரைக் கவிழ்ப்பார். அவரே பாடுபவர். பிள்ளையார் வணக்கத்தோடு பாட்டு எழும். ஒவ்வோர் அடியிலும் இறைத்த சாலின் எண் பின்னிவரும். பாட்டே கணக்கு, பாட்டே நடைக்குத் தாளம். எம் காலத்தில் ஏற்றம் மறைந்து மின்னேற்றி வந்துவிட்டது. ஆயினும் பாட்டனார் வாயினின்றும் பாட்டு மறையவில்லை. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகிற் கட்டி, இடுப்பில் தாம்புக்கயிறு பிணித்து, எம்மைக் கிணற்றில் இறக்கிவிட்டு, அவர் படியில் அமர்ந்து பாடுவார். நீருள் மூழ்கும்பொழுது அப்பாட்டு மறையும். தலை தூக்கும்பொழுது மீண்டும் எழும். இடையிடையே, “பாட்டுக் கேட்குதாடா, தம்பி?” என்று வினவுவார். “கேட்குது தாத்தா” என்று யாம் மறுமொழி கூறுமளவும் கயிற்றைத் தளரவிடார். அவ்வினாவின் பொருள் எமக்கு அக்காலத்தில் விளங்கிற்றில்லை.

நிற்க. ஐம்பது வயது கடந்தபின் எம் முழங்கால்கள் முறையிடலாயின. “ஓடுதலை விடுத்து நீந்துக” என்றார் மருத்துவர். யாம் வாழும் நகரில் இருபத்தைந்து மீட்டர் நீளமுள்ள குளமொன்றிற் சேர்ந்தோம். நாற்பது முறை கடந்தால் ஒரு கிலோமீட்டர். இருபதைக் கடந்ததும் கணக்குத் தவறும்; பதினெட்டோ இருபத்திரண்டோ என ஐயுற்று மீண்டும் தொடங்குவோம். எம் இடர்ப்பாட்டைக் கண்ட இளைய மகள் பிறந்தநாட் பரிசாக இக்கருவியை வாங்கித் தந்தாள்.

அதன் அமைப்பைச் சிறிது கூறுதும். பின்னந்தலையைச் சுற்றி வளைந்து நிற்கும் மெல்லிய வில் ஒன்று. அதன் இரு நுனிகளும் காதினுள் நுழையா. காதுக்கு முன்னுள்ள கன்னவெலும்பின்மேல் அமர்ந்து அதிரும். அவ்வதிர்ச்சி எலும்பின் வழியே சென்று, நத்தைக்கூடு போன்ற உட்செவியை எட்டி ஓசையாகின்றது. கைப்பேசியினின்று புளூடூத் வழியாகப் பாட்டைப் பெறும் கருவிகள் நீருக்கு உதவா. ஏனெனில் அவை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலைகளை நீர் உறிஞ்சிவிடும். சில அங்குல ஆழத்திலேயே பாட்டு அறுந்துபோம். ஆதலின் நீச்சற்கருவி தன் நினைவகத்திலேயே பாட்டுக்களைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றது. நான்கு கிகாபைட் இடமிருந்தால் ஏறத்தாழ ஆயிரம் பாட்டுக்கள் அடங்கும். காதுகளை மென்மையான காதடைப்பான்களால் மூடிக்கொள்ளின், நீரின் சலசலப்பு ஒழிந்து இசை பின்னும் தெளிவாய்க் கேட்கும்.

முதல் நாள் யாம் எய்திய வியப்பை என்னென்பது! உலகம் முழுதும் மறைந்து, தலைக்குள்ளேயே நாகசுரம் முழங்கிற்று. முதலில் இராக ஆலாபனையைக் கேட்டோம். தாளக்கட்டில்லாத அவ்விசையில் உள்ளம் ஊன்ற ஊன்ற, கைகள் தளர்ந்து, நீரிலே தொங்கிநின்றோம். பின்னர்த் திருவுலாவின்போது வாசிக்கும் மல்லாரியை மாற்றினோம். தவிலின் அடிக்கு வலக்கையும் இடக்கையும் தாமே இசைந்து எழுந்தன. ஆதிதாளத்துக் கீர்த்தனைகளும் அவ்வாறே துணைசெய்தன. ஐந்து நிமிடப் பாட்டொன்று முடியுமுன் பத்து முறை குளத்தைக் கடப்போம். நான்கு பாட்டு முடியின் நாற்பது. பாட்டனாரின் ஏற்றப்பாட்டுக் கணக்கு எம் தலைக்குள் மறுபிறவி எடுத்ததெனக் களித்தோம். வேகத்தை வரையறுக்கும் எக்கருவியும் நீச்சற்போட்டிகளிற் கூடாதென்பது உலக விதி. அவ்விதியின் காரணம் எமக்கு அப்பொழுது நன்கு விளங்கிற்று. தாளம், உழைப்பின் பாதியைத் தானே சுமக்கின்றது.

இவ்வின்பம் எட்டுத் திங்கள் நீடித்தது. ஒரு மாலை யாம் முப்பதாம் முறை திரும்பிக்கொண்டிருந்தோம். அடைப்பான்கள் காதில், மல்லாரி தலையில். திடீரென உயிர்காப்பாளர் எமக்கு முன்னே நீரிற் பாய்ந்ததைக் கண்டு திகைத்து நின்றோம். அடுத்த தடத்தில் நீந்திய பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் காற்குரக்கை நோயால் முடங்கி, மிதவைக் கயிற்றுக்குக் கை எட்டாது தத்தளித்திருக்கின்றான். இறையருளால் ஊறொன்றுமின்றி மீண்டான். அவனைக் கரையேற்றியபின் அக்காப்பாளர் எம்மிடம் வந்து, சினமின்றியே கூறினார்: “ஐயா, பையன் உங்களைத்தான் கூப்பிட்டான். இரண்டு முறை கூப்பிட்டான். நீங்கள் அவனைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.”

யாம் மறுமொழி கூற இயலாது நின்றோம். எம் கை நீளத்துக்குள் ஒரு குரல் எழுந்து வீழ்ந்திருக்கின்றது. யாமோ தாளங்கெடாது அதனைக் கடந்திருக்கின்றோம்.

அன்றிரவு துயில் வரவில்லை. 2022ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் எம் நினைவில் எழுந்தது. அன்று நெல்லிக்குப்பத்தை அடுத்த குச்சிப்பாளையத்தருகே, கெடிலத்துத் தடுப்பணை நீரிற் குளிக்கச் சென்ற பெண்டிரும் சிறுமியருமாக எழுவர் மூழ்கி இறந்தனர். அச்செய்தி கேட்டு எம் ஊர் அழுத அழுகையை யாம் அறிவோம். அவ்வெழுவரையும் எண்ணி, “அருகில் நீந்தத்தெரிந்தார் ஒருவர் இருந்திலரே” என்று அந்நாளில் நொந்துரைத்தவருள் யாமும் ஒருவர். இன்றோ, நீந்தத்தெரிந்த யாம் அருகிலேயே இருந்தோம், இருந்தும் இல்லாதவரானோம்.

நீருள் ஓசையின் தன்மையும் எண்ணத்தக்கது. 1826ஆம் ஆண்டில் கொலாடன், ஸ்டர்ம் என்னும் இருவர் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரியில் ஒரு மணியை நீருள் அடித்து, அதன் ஓசை நொடிக்கு 1435 மீட்டர் விரைவதாக அளந்தனர். காற்றில் ஓசையின் விரைவு ஏறக்குறைய 340 மீட்டரே. இத்துணை விரைவினால் நீருள் எழும் ஓசை இரு காதுகளையும் ஏறத்தாழ ஒருங்கே எட்டும்; ஆதலின் எத்திசையினின்று வந்ததென மாந்தன் அறிதல் அரிது. காது திறந்திருப்பவனுக்கே நீரிற் கேள்வி குறை. அக்குறைக் கேள்வியையும் அடைத்துக்கொண்டு நீந்துவானை என்னென்பது?

பாட்டனாரின் பாட்டுக்கும் எம் கருவியின் பாட்டுக்கும் உள்ள வேற்றுமை அன்றுதான் புலனாயிற்று. ஏற்றத்திற் பாடியவர் தம் இன்பத்துக்காக மட்டும் பாடினாரல்லர். துலாமரத்தின்மேல் நடப்பவர் அடி தவறின் வீழ்வர். கீழே நிற்பவர் பாட்டு நின்றால் மேலே நடப்பவரும் நிற்பர். அப்பாட்டு இருவர் உயிரைப் பிணித்த கயிறு. எம்மைக் கிணற்றில் இறக்கிப் பாடிய பாட்டும் அத்தகையதே, “கேட்குதாடா?” என்னும் வினாவிற்கு “இருக்கின்றாயா?” என்பதே பொருள். 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த ஈழத்தமிழர் நவரத்தினசாமியையும், 1994இல் இளஞ்சிறுவராய் அதனைக் கடந்த குற்றாலீசுவரனையும் நாம் போற்றுகின்றோம். அத்தகைய நெடுநீச்சலில் படகொன்று துணைவருதல் வழக்கு. கடல் கடப்பானுக்கும் கரைபோல ஒரு குரல் வேண்டியிருக்கின்றது. எம் கருவியோ எம்மிடம் பாடிற்றேயன்றி, எம்மை எவரோடும் பிணிக்கவில்லை.

அதுகொண்டு கருவியை எறிந்துவிட்டோமல்லேம். அஃது ஒரு பிழையும் செய்யவில்லை. காதை அடைத்தது எம் கையே. இப்பொழுதும் வைகறையில், தடத்தின் இருபுறமும் ஆளில்லாத வேளையில், அடைப்பானின்றி அதனை அணிந்து நீந்துகின்றோம். இசை சிறிது மங்கும், அதற்கு வருந்துகிலேம். சிறுவர் வந்து சேரும் மாலைப்பொழுதில் அது பெட்டியினுள் உறங்கும். கணக்குத் தவறுகின்றது, தவறட்டும்.

மற்றொன்றும் செய்தோம். சென்ற கோடை விடுமுறையில் எம் ஊர்க்குச் சென்றபொழுது, உறவினர் தோட்டத்துக் கிணற்றில் ஒன்பது சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் நீச்சல் கற்பித்தோம். சுரைக்குடுக்கை கிடைத்திலது, காற்றடைத்த வளையமும், பழைய தாம்புக்கயிறும் உதவின. யாம் பாட்டனாரின் படியில் அமர்ந்து, அவர் பாட்டில் நினைவிலிருந்தவற்றை எம் கரகரத்த குரலிற் பாடினோம். எண்ணிக்கை இடையிடையே குழம்பிற்று, பிள்ளைகள் நகைத்தனர். முத்துப்போலும் நீர்த்துளி சிதறத் தலை தூக்கிய ஒரு சிறுமியை, “பாட்டுக் கேட்குதா, அம்மா?” என்று வினவினோம். அவள் மூச்சு வாங்கியவாறே, “கேட்குது தாத்தா, நிறுத்தாதீங்க” என்றாள்.

மாணவ நண்பர்காள்! நீந்தக் கற்பீர், கற்றதைத் தங்கை தம்பியர்க்கும் கற்பிப்பீர். இசையை விரும்பின் அதனையுங் கேட்பீர். ஆயின் நீரில் இறங்குமுன் ஒரு காதையாயினும் அயலானுக்கென வைத்து இறங்குவீராக.